மவுஸ் யார் கையில் இருக்கிறது?

அரசுப் பள்ளிக்குள் தொழில்நுட்பம் வந்திருக்கிறது. அதை மறுக்க நாங்கள் இதை எழுதவில்லை. 2018இல் புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு அச்சானது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 2023இல் மணற்கேணி செயலி வந்தது. தொடக்கப் பள்ளிகளில் 22,000க்கும் மேற்பட்ட திறன்மிகு வகுப்பறைகள், 8,000 அளவுக்குப் பள்ளிகளில் ஹைடெக் லேப், ஆசிரியர்களின் கையில் ஏறத்தாழ 80,000 டேப்லெட் என்று அரசு கணக்குச் சொல்கிறது. "ஏழைப் பிள்ளைக்கு எதற்குக் கம்ப்யூட்டர், முதலில் கழிப்பறை கட்டுங்கள்" என்று பேசுகிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. கழிப்பறையும் வேண்டும், கம்ப்யூட்டரும் வேண்டும். சேரிப் பிள்ளைக்கு இரண்டில் ஒன்றுதான் என்று யார் முடிவு செய்வது?

நாங்கள் கேட்பது வேறு. அந்த அறைக்குள் போய்ப் பாருங்கள். நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். மவுஸ் யார் கையில் இருக்கிறது?

வட மாவட்டங்களில் எங்கள் மாலைப் படிப்பகங்கள் நடக்கும் ஊர்களைச் சுற்றியுள்ள பள்ளிகளுக்குச் சில ஆண்டுகளாகப் போய்வருகிறோம். பல இடங்களில் லேப் சாவி எச்.எம். மேசை டிராயரில் இருக்கிறது. மானிட்டர் மேல் போட்ட பிளாஸ்டிக் உறையைக் கூட எடுக்காத இடங்கள் உண்டு. கேட்டால், "பசங்க கெடுத்துட்டா நான்தானே பதில் சொல்லணும்" என்கிறார்கள். அந்தப் பயத்தைக் கேலி செய்ய முடியாது. ஒரு கீபோர்டு காணாமல் போனால் அந்தத் தலைமையாசிரியருக்கு என்ன நடக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். ஆன்லைன் மதிப்பீடு இருக்கும் நாளில் லேப் திறக்கிறது, முடிந்ததும் மூடிக்கொள்கிறது. திறன்மிகு வகுப்பறையில் இருபது நிமிட வீடியோ ஓடுகிறது, பிள்ளைகள் டி.வி. பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். ஆசிரியர் அந்த நேரத்தில் எமிஸில் ஏதோ ஒரு விவரத்தை ஏற்றிக்கொண்டிருக்கிறார். அவர் சோம்பேறி அல்ல. மாலைக்குள் ஏற்றாவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து போன் வரும்.

இதற்கு நடுவில் இன்னொன்று நடக்கிறது, எந்தக் கணக்கெடுப்பிலும் வராத ஒன்று. லேபைப் பெருக்க யாரைக் கூப்பிடுகிறார்கள், புரொஜெக்டரை ஆன் செய்ய யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று எங்கள் படிப்பகப் பிள்ளைகளிடம் கேட்டோம். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி விரல்விட்டு எண்ணினாள். பெருக்குகிறவர்கள் ஐந்து பேர், ஐந்து பேரும் காலனி. மவுஸ் பிடிப்பவர்கள் மூன்று பேர், மூன்று பேரும் ஊர்த்தெரு. காரணத்தையும் அவளே சொன்னாள்: "அவங்க வீட்ல லேப்டாப் இருக்குக்கா. அவங்களுக்குத் தெரியும்."

தோழர்களே, தகுதி என்று நம்மிடம் சொல்லப்படும் சங்கதி உருவாகும் இடம் இதுதான். தெரிந்தவனிடம் கொடு என்பதில் யாருக்கும் தவறு தெரியாது. அந்த ஆசிரியர் சாதி பார்த்துக் கூப்பிட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. 2017-18இல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கிராமப்புற வீடுகளில் கம்ப்யூட்டர் இருந்தது 4.4 விழுக்காட்டில்தான். ஒரு கிராமத்தில் அந்த நாலு வீடு எந்தத் தெருவில் இருக்கும் என்று நாம் யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. வீட்டில் இருப்பவனுக்குப் பள்ளியிலும் கிடைக்கிறது. வீட்டில் இல்லாத பிள்ளை பள்ளியில் பார்வையாளர் ஆகிறது. ஆறாம் வகுப்பில் மவுஸ் பிடித்தவன் பதினொன்றில் கணினி அறிவியல் குரூப் கேட்கிறான், பெருக்கியவளுக்கு அந்த ஆசையே வருவதில்லை. "அவங்களுக்கு இன்ட்ரஸ்ட் இல்லை சார்" என்று பிறகு எழுதிவைப்பார்கள்.

கொரோனாக் காலத்தை நாம் மறந்துவிடக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அந்த ஆண்டு ஆகஸ்டில் ழான் திரேஸ், ரீத்திகா கேரா முதலியோர் ஒருங்கிணைத்து, தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் ஏழை வீட்டுப் பிள்ளைகள் சுமார் 1,400 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. கிராமப்புறத்தில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் 8 விழுக்காடு. தலித், பழங்குடிப் பிள்ளைகளை மட்டும் எடுத்தால் 4. மற்ற கிராமப் பிள்ளைகளில் 15. இதில் கவனிக்க வேண்டியது, ஸ்மார்ட்போன் உள்ள கிராம வீடுகளிலும் ஒழுங்காகப் படித்தவர்கள் 15 விழுக்காடுதான். போன் வீட்டில் இருக்கிறது என்றால் பிள்ளை கையில் இருக்கிறது என்று பொருள் இல்லை. அது அப்பாவோடு காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போய்விடும். மிச்ச நேரம் அண்ணனிடம். தங்கச்சியின் முறை வரும்போது டேட்டா தீர்ந்திருக்கும். கேரளத்தில் 2020 ஜூன் 1 அன்று ஆன்லைன் வகுப்பு தொடங்கிய முதல் நாளிலேயே மலப்புரம் மாவட்டத்தில் ஒரு தலித் மாணவி உயிரை மாய்த்துக்கொண்டாள். வீட்டு டி.வி. பழுது, ஸ்மார்ட்போன் இல்லை. கல்வியில் முன்னணி மாநிலம் என்று நாம் எல்லோரும் மேற்கோள் காட்டும் மாநிலம் அது.

சரி, கருவியைக் கையில் கொடுத்துவிட்டால் போதுமா? போதாது என்பதற்குப் பெரு நாட்டில் சான்று இருக்கிறது. ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி என்று அங்கே பெரிய அளவில் கொடுத்தார்கள். 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவுகள் 2012இல் வெளியாயின. கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. பெட்டி வந்தது, பாடம் சொல்லித்தரும் முறை அப்படியே இருந்தது.

இதற்கு நேர்மாறாக டெல்லியில் நடந்த ஒன்றை நாம் ஊன்றிப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறோம். கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்திரோ கனிமியன் ஆகிய மூவர் செய்த ஆய்வு, 2019இல் வெளியானது. அரசு நடுநிலை, உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் பள்ளி விட்டதும் ஒரு மையத்துக்கு வருகிறார்கள். வாரம் ஆறு நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம். அதில் பாதி நேரம் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளில் தனியாகப் பயிற்சி, மீதி நேரம் சிறு குழுவாக ஒரு ஆள் உட்கார்ந்து சொல்லித்தருகிறார். அந்த மென்பொருள் முதலில் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்க்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளை சராசரியாக இரண்டரை வகுப்பு பின்னால் நின்றது கணக்கில். மென்பொருள் அந்த இடத்திலிருந்தே தொடங்கியது. நாலரை மாதத்தில், மையத்துக்குப் போக வாய்ப்புக் கிடைத்த பிள்ளைகள் கணக்கில் அடைந்த முன்னேற்றம் மற்றவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

இதைவிட முக்கியமான இரண்டு செய்திகள் அந்த ஆய்வில் உண்டு. மையத்துக்குப் போகாதவர்களில், படிப்பில் கடைசியாக நின்ற பிள்ளைகள் அந்த நாலரை மாதமும் பள்ளிக்குப் போயும் கிட்டத்தட்ட ஒரு அடிகூட நகரவில்லை. உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். இன்னொன்று, மையத்துக்குப் போய்க் கணக்கில் உண்மையாகவே முன்னேறிய பிள்ளைகளுக்கும் பள்ளித் தேர்வில் கணக்கு மதிப்பெண் உயரவில்லை. ஏனென்றால் பள்ளி கேட்டது எட்டாம் வகுப்புக் கணக்கு, பிள்ளை ஏறியது நாலிலிருந்து ஆறுக்கு. அந்த ஏற்றத்தைப் பார்க்கும் கண் பள்ளித் தேர்வுக்கு இல்லை. நம் ஊரில் அந்தப் பிள்ளைக்கு "மெல்லக் கற்கும் மாணவர்" என்று பெயர் வைத்துக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பியிருப்பார்கள்.

நாங்கள் இதிலிருந்து எடுத்துக்கொண்டது வெறும் மட்டம் பற்றிய பாடமல்ல. வெட்கம் பற்றியது. முதல் தலைமுறையாகப் படிக்க வரும் சேரிப் பிள்ளை வகுப்பில் எழுந்து தப்பான விடை சொன்னால் விழும் சிரிப்பு, மற்றப் பிள்ளைக்கு விழும் சிரிப்பு மாதிரி இல்லை. அதில் தெருவின் பெயர் கலந்திருக்கும். ஒருமுறை அதைக் கேட்ட பிள்ளை அப்புறம் வாயைத் திறக்காது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லாது. திரை சிரிக்காது. இருபது முறை தப்பு செய்தாலும் இருபத்தொன்றாவது முறை கேள்வியை அப்படியே கேட்கும். எங்கள் படிப்பகத்தில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஹெட்போன் போட்டுக்கொண்டு இரண்டாம் வகுப்புக் கழித்தல் கணக்கை மூன்று மாதம் போட்டான். கடன் வாங்கிக் கழிப்பது அவனுக்கு வராது என்று பள்ளியில் யாருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்வதில் அவன் கெட்டிக்காரனாக இருந்தான். அவனுடைய திரையை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் படிப்பகத்தில் சட்டம்.

வகுப்பறையில் தொழில்நுட்பத்தைப் பயனுள்ளதாக ஆக்குவது பற்றிப் பேசுகிறவர்கள் இணைய வேகம், திரையின் அங்குலம் என்று தொடங்குகிறார்கள். நாங்கள் வெட்கம் இல்லாமல் தப்பு செய்ய ஒரு இடம் என்று தொடங்குவோம். அதற்கு விலை உயர்ந்த சாதனம் தேவைப்படவில்லை. எங்களிடம் இருப்பவை தானமாக வந்த பழைய டேப் நான்கு, கீறல் விழுந்த போன் இரண்டு. வீடியோக்களை வைஃபை கிடைக்கும் இடத்தில் இறக்கி வைத்துக்கொள்கிறோம். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்துகிறோம். இப்போது என்ன நடந்தது, அடுத்து என்ன நடக்கும் என்று பிள்ளைகளிடம் கேட்கிறோம். நிறுத்தாமல் ஓடும் வீடியோவில் பிள்ளை ஒன்றும் கற்பதில்லை என்பது எங்கள் அனுபவம். யார் முறை என்பது பெயரின் அகர வரிசை. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் தலித் மாணவன் சக மாணவர்களாலேயே வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, வகுப்பில் அகர வரிசைப்படி உட்காரவைக்கச் சொன்னது. உட்காருவதற்குச் சொன்னதை மவுஸுக்கும் சேர்த்துக்கொண்டோம். பெருக்குவதற்கும் அதே வரிசைதான்.

போன ஆண்டு எங்களுக்குக் கிடைத்த மிக நல்ல பாடம் எந்தச் செயலியிலும் இல்லாதது. 100 நாள் வேலையின் அட்டை விவரங்களை இணையத்தில் யாரும் பார்க்கலாம். எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் அம்மாக்களின் அட்டையை எடுத்தார்கள். எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி என்று அட்டவணை போட்டார்கள். 2025-26க்குத் தமிழ்நாட்டுக்கு அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். நாளால் பெருக்கிப் பார்த்தால் வர வேண்டிய தொகையும் வந்த தொகையும் ஒட்டவில்லை. "அக்கா, எங்கம்மாவுக்கு ஏன் கம்மியா வந்திருக்கு?" அங்கிருந்து அளவீடு வந்தது. வெட்டிய மண்ணை அளந்து கூலி போடுகிறார்கள் என்றால் எப்படி அளக்கிறார்கள்? நீளம், அகலம், ஆழம், கன அளவு. கன செவ்வகம் அன்றைக்குத்தான் அந்தப் பிள்ளைகளுக்கு உயிரோடு வந்தது. ஒரு பையன் ஏரிக்கரைக்குப் போய் டேப் பிடித்து அளந்துவிட்டு வந்தான் (துணி தைக்கும் டேப், அவனுடைய சித்தியுடையது). அடுத்த வாரம் அம்மாக்களே படிப்பகத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். கணக்கு, கணினி, சமூக அறிவியல் மூன்றும் ஒரே பாடமாக நடந்தது. அந்த மூன்றையும் தனித்தனி பீரியடாக வெட்டி, தனித்தனி வீடியோவாகப் போட்டால் இது வராது.

இப்படிச் செய்ய ஆள் வேண்டும். டெல்லி ஆய்விலும் பாதி நேரம் ஆள்தான் இருந்தார் என்பதை மறந்துவிட்டு, திரையே ஆசிரியர் என்று பேசுகிறவர்களிடம் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஊர்ப் பள்ளிகள் நம் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்த காலத்தின் தொடர்ச்சியாக வந்தவை ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். இன்றும் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. 2023-24 பட்ஜெட்டில் அவற்றைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதாக அறிவித்தார்கள், எதிர்ப்பு வந்தது. இணைப்பு வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவாதம், இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். ஆனால் பாடத்துக்கு ஆசிரியர் இல்லாத வகுப்பில் ஸ்மார்ட் போர்டை மாட்டிவிட்டு "வசதி செய்து கொடுத்துவிட்டோம்" என்று யார் சொன்னாலும், எந்தத் துறை சொன்னாலும், ஏற்க முடியாது. பணக்காரப் பிள்ளைக்கு ஆசிரியரோடு சேர்த்துத் திரை, நம் பிள்ளைக்கு ஆசிரியருக்குப் பதிலாகத் திரை என்றால் அது பழைய இரட்டைக் குவளைதான்.

தரவு பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். எமிஸில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சமூகம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. உதவித்தொகைக்கு அது தேவை, வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது என்று சந்துரு குழு பரிந்துரைத்தது. காகிதத்திலிருந்து எடுத்துவிட்டு, வகுப்பாசிரியரின் போனில் இரண்டு தட்டில் தெரிகிற மாதிரி வைத்தால் என்ன பயன்? யாருக்கு எந்தக் கட்டம் தெரிய வேண்டும் என்பதை மென்பொருளில் தீர்மானிக்க முடியும், கடினமான வேலையும் இல்லை. ஒன்றிய அரசின் தீக்ஷா செயலி பிள்ளைகளின் துல்லியமான இருப்பிடத்தைச் சேகரித்ததாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2022இல் சொன்னது. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள், சுமார் 6 லட்சம் மாணவர்களின் விவரங்கள் பாதுகாப்பில்லாத சர்வரில் கிடந்ததை 2023 ஜனவரியில் வயர்டு இதழ் வெளிக்கொண்டுவந்தது. சாதிப் பெயரோடு ஒரு பட்டியல் அப்படி வெளியே கிடந்தால், ஆணவக் கொலைகள் நடக்கும் மண்ணில் அதை என்னவெல்லாம் செய்யலாம் என்று எண்ணிப் பாருங்கள்.

கல்லூரியில் படிக்கும் தோழர்களுக்கு இதில் வேலை இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் வேண்டும் என்கிறது. உங்கள் காலனியிலிருந்து அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? பல ஊர்களில் ஒரு அம்மா இருக்கிறார், கையெழுத்துப் போட மட்டும் கூப்பிடுகிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு முந்தின நாள் அவர் வீட்டுக்குப் போய் உட்காருங்கள். லேப் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் திறந்திருந்தது, எந்த வகுப்பு எப்போது உள்ளே போனது என்று ஒரு நோட்டு வைக்கச் சொல்லி அவர் கேட்கட்டும். தலைமையாசிரியரைச் சண்டைக்கு இழுக்க வேண்டாம். பொருள் பழுதானால் அவர் தலையில் விழாது என்று குழுவே தீர்மானம் போட்டுக் கொடுத்தால், சாவி டிராயரை விட்டு வெளியே வரும். எங்களுக்குத் தெரிந்து இரண்டு பள்ளிகளில் வந்திருக்கிறது.

விடுதியில் இருக்கும் தோழர்களுக்கு வேறொரு வேலை. 2025 ஜூலையில் விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் வைத்தார்கள். பெயரை வரவேற்கிறோம். நாலரை மணிக்குப் பள்ளி லேப் பூட்டப்படுகிறது. அதே பள்ளியில் படித்து, பக்கத்து விடுதியில் இரவு பத்து மணி வரை விழித்திருக்கும் பிள்ளைகளுக்கு அந்த லேபை ஆறிலிருந்து எட்டு வரை திறந்துவிட்டால் அரசுக்குப் புதிதாக ஒரு கணினிகூட வாங்கும் செலவு இல்லை. ஒரு பொறுப்பாளருக்குச் சம்பளம், கொஞ்சம் மின்கட்டணம். இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்து லட்சக்கணக்கானோரைத் திரட்டிய அரசு இது. ஒவ்வொரு விடுதியிலிருந்தும் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு போகட்டும். மனுவில் எத்தனை பிள்ளைகள், எந்தப் பள்ளி, லேபில் எத்தனை கணினி, விடுதிக்கும் லேபுக்கும் எத்தனை அடி தூரம் என்று எழுதுங்கள். நாங்கள் பார்த்த ஒரு விடுதிக்கும் லேபுக்கும் நடுவில் இருப்பது ஒரு மதில் சுவர், அதில் ஒரு சின்ன கேட். கேட்டின் பூட்டு துருப்பிடித்திருக்கிறது.